ஒன்பதாவது அட்டை

அன்று காலை பள்ளியின் அட்டை செய்யும் அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். அட்டை மாமா, தலைமை ஆசிரியை, பேச்சு வராத எட்டு வயதுச் சிறுமி, அவளுடைய அம்மா, வேன் ஆயா. நாற்காலி நான்குதான். ஆயா நின்றாள்.

“இன்னிக்கும் எட்டுதானா?” என்று கேட்டார் தலைமை ஆசிரியை.

சிறுமியின் இடுப்புப் பட்டையில் வெல்க்ரோவால் ஒட்டியிருந்த அட்டைகளை மாமா மறுபடியும் எண்ணினார். தண்ணீர், பசி, ஆமாம், இல்லை... எட்டு. ஒன்பதாவது இடம் காலி.

“எட்டுதாங்க. ‘வலிக்குது’ அட்டையைக் காணோம்.”

சிறுமிக்குப் பார்வையும் மங்கல். அதனால் ஒவ்வொரு அட்டையிலும் விரலுக்குத் தெரிகிற மாதிரி மாமா ஏதாவது ஒட்டியிருப்பார். தண்ணீருக்கு வழவழப்பான பிளாஸ்டிக். ‘இல்லை’ என்பதற்குக் கயிற்று முடிச்சு. ‘வலிக்குது’ என்பதற்கு உப்புத்தாள். சொல்ல வேண்டியதைத் தடவிக் கண்டுபிடித்து, கட்டைவிரலால் அழுத்துவாள். அதுதான் அவள் பேச்சு.

இந்த வாரத்தில் இது மூன்றாவது முறை. ஒவ்வொரு முறையும் மாமா புதிது செய்து கொடுத்தார். ஒவ்வொரு முறையும் போனது அந்த ஒரே அட்டை. வீட்டு வாசலில் வேன் ஏறும்போது ஒன்பது, பள்ளி வாசலில் இறங்கும்போது எட்டு. நடுவில் இருப்பவள் ஆயா.

மாமாவுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. சொன்னால் ஒருத்தியின் பிழைப்பில் மண் விழும். சொல்லாமல் இருந்து, பிள்ளைக்கு ஏதாவது நடந்துகொண்டிருந்தால்? கடைசியில் அவர்தான் தலைமை ஆசிரியையிடம் போய்ச் சொன்னார்.

“தண்ணி அட்டை தொலையல, பசி அட்டை தொலையல. வலிக்குதுங்கறதுக்கு மட்டும் காலா முளைச்சுது?” அம்மா பொரிந்தாள். “அடிக்கிற கைக்குத்தானே அந்த அட்டை பகை!”

“ஐயோ, அப்படிச் சொல்லாதீங்கம்மா. என் வாயாடியை நான் அடிப்பேனா?”

“கேட்டீங்களா மேடம்? பேச முடியாத பிள்ளைக்கு இவ வச்சிருக்கிற பேரை!”

தலைமை ஆசிரியை சிறுமியிடம் குனிந்தார். “பயப்படாம சொல்லும்மா. ஆயா உன்னை அடிச்சாங்களா?”

சிறுமி பட்டையைத் தடவினாள். கயிற்று முடிச்சை அழுத்தினாள். இல்லை. இன்னொரு முறையும் அழுத்தினாள்.

“பயத்துல சொல்றா” என்றாள் அம்மா.

தலைமை ஆசிரியை தலையசைத்தார். மாமாவும் தலையசைத்தார்.

“அட்டையை எடுத்தியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு” என்று ஆயாவிடம் கேட்டார் தலைமை ஆசிரியை.

ஆயா மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தாள். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. மாமா அதைப் பார்த்தார். மடியில் கனம் இல்லாதவளுக்கு எதற்கு இப்படி வியர்க்கிறது?

“உன் பையை எடு. பார்த்துடுவோம்” என்றாள் அம்மா.

காலடியில் இருந்த பையை எடுக்க ஆயா குனிந்தாள். பல்லைக் கடித்தும் ஒரு முனகல் வெளியே வந்துவிட்டது.

சிறுமி சட்டென்று நாற்காலியிலிருந்து இறங்கினாள். முனகல் வந்த பக்கம் கையை நீட்டிக்கொண்டே நடந்தாள். ஆயாவின் காலடியில் உட்கார்ந்து புடவை ஓரத்தை மேலே தள்ளினாள்.

முட்டியில் தடிமனாகப் பட்டைத்துணி சுற்றியிருந்தது. அதன் மேல், வெல்க்ரோவில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, காணாமல் போன அட்டை.

சிறுமி உப்புத்தாளின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். எல்லோருக்கும் தெரியட்டும் என்பது போல மறுபடியும் அழுத்தினாள்.



“வேன் படி உயரம். இவளைத் தூக்கி வைக்கும்போது நான் முனகறது கேட்டுடுது” என்றாள் ஆயா. “எனக்கு அட்டை இல்லையேன்னு தன்னோடதை ஒட்டி விட்டுடறா. திருப்பிக் குடுத்தா கையைத் தட்டி விடறா. முட்டி போச்சுன்னு தெரிஞ்சா வேலை போயிடுமேன்னு நானும் மறைச்சுட்டேன்.”

பையிலிருந்து மற்ற இரண்டு அட்டைகளையும் எடுத்து மேசை மேல் வைத்தாள்.

“ஆனா ஒண்ணு. அடிக்கலைன்னு அவ ரெண்டு தரம் சொன்னாளே. இத்தனை அட்டை செஞ்சு குடுத்தீங்க. அவ சொன்னதை யாரு கேட்டீங்க? வேன்ல வந்து பாருங்க, இந்த விரல் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. அதான் வாயாடின்னேன்.”

அம்மா எழுந்தாள். தன் நாற்காலியை ஆயாவின் பக்கம் தள்ளினாள்.

“முதல்ல உக்காருங்க. நாளையிலேர்ந்து வீட்டு வாசல்ல நான் தூக்கி வைக்கிறேன். நீங்க உள்ளே உக்காந்து பிடிச்சுக்குங்க, போதும்.” பிறகு தலைமை ஆசிரியையைப் பார்த்தாள். “இங்க இறக்கறதுக்கு, மேடம்?”

“டிரைவர் இறங்கட்டும். ஹாரன் அடிக்கிற கைதானே, பிள்ளையையும் தூக்கும்.”

மேசை மேல் இருந்த அட்டைகளில் ஒன்றை எடுத்து மாமா சிறுமியின் பட்டையில் ஒன்பதாவது இடத்தில் ஒட்டினார். ஆயாவின் முட்டியில் இருந்ததை எடுக்கப் போனார். சிறுமி அவர் கையைத் தட்டி விட்டாள்.

எல்லோரும் போன பிறகு மாமா மேசையைப் பார்த்தார். உப்புத்தாளின் மேல் தன் கட்டைவிரலை வைத்து, மெதுவாக அழுத்தினார்.

ஆயாவின் முட்டியில் ஒன்று. வாயாடியின் இடுப்பில் ஒன்று. மீதி, அவர் விரலுக்கடியில் இருந்த அந்த ஒன்று.