தலைவர் நாட்டிய கல்

தண்ணீர்த் தொட்டிக்கு அடிக்கல் நாட்டியது யாருக்கும் நினைவிருக்காது என்ற தைரியத்தில்தான், பஞ்சாயத்துத் தலைவர் மாசிலாமணி மறுபடி ஓட்டுக் கேட்டுக் கைகூப்பியபடி வந்தார். ஐந்து வருடமாகியும் தொட்டி எழும்பவில்லை. அந்தக் கல் வாய்க்கால் ஓரத்தில் கிடந்தது. பவுனம்மா அதன்மேல் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். எழுத்தைக் காணோம்.

“உங்க பேரு மேல அழுக்குத்துணிய அடிக்க மனசு வரலீங்க தலைவரே. அதான் கவுத்துப் போட்டுட்டோம்.”

அவள் குரலில் கேலியே இல்லை.

“இந்த வாட்டியும் கல்லு நடுவீங்கள்ல? தெக்குத்தெருக்காரங்க துவைக்கக் கல்லு இல்லாம ரொம்பச் சிரமப்படுறாங்க.”

கூட வந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாய்க்காலைப் பார்த்தார்கள். கூப்பிய கைகளை எப்போது இறக்குவதென்று மாசிலாமணிக்குத் தெரியவில்லை.