பதினேழாம் எண் ரத்தம்

“பதினேழைத் தூக்கிடுங்க. சாயங்காலத்துக்குள்ள ஆய்வுக் கட்டுரை போயாகணும்.”

“தூக்க மாட்டேன் சார்.”

ஆய்வகத் தலைவர் நிமிர்ந்து பார்த்தார். அவரிடம் மாட்டேன் என்று சொன்னவர்கள் அந்தக் கட்டடத்தில் அதிகம் இல்லை. டெக்னீஷியன் அம்மாள் கையுறையைக் கழற்றி மேஜைமேல் போட்டுவிட்டு, அசையாமல் நின்றாள்.

“ஆரோக்கியமானவங்க இருபது பேர் ரத்தம். பத்தொன்பது ஒழுங்கா இருக்கு. இது ஒண்ணு மட்டும் ஏன் முரண்டு பிடிக்குது? நீங்கதான் எங்கேயோ சொதப்பியிருக்கீங்க.”

“மூணு தடவை செஞ்சேன். மூணு தடவையும் அதேதான். இன்சுலின் செல்லோட வாசல்ல வந்து நிக்குது. கதவைத் திறக்கவேண்டிய ரிசெப்டர் அசைய மாட்டேங்குது. சர்க்கரை எப்படி சார் உள்ள போகும்?”

“அப்போ அந்த ஆளுக்கு ரத்தத்துல சர்க்கரை ஏறியிருக்கணுமே? சரியாத்தானே இருக்கு!”

“உடம்பு இன்சுலினை வாரி இறைச்சுச் சமாளிக்குது. எத்தனை நாளைக்கு? இப்பவே கவனிச்சா ஆள் தப்பிக்கலாம். நீங்க தூக்கிட்டா அவருக்கு யார் சொல்லுவாங்க?”

அவர் முகம் சிவந்தது. “ஒண்ணு பதினேழு போகணும், இல்லே நீங்க போகணும்.”

அவள் ஓய்வுபெற இன்னும் மூன்று வருடம் இருந்தது. வீடு ஓடுவதே அவள் சம்பளத்தில்தான். ஆனாலும் குரல் இறங்கவில்லை.

“நான் போறேன் சார். பதினேழு இருக்கும்.”

“யாரோ ஒருத்தனுக்காக வேலையை விடுவீங்களா? யார் அது, உங்க சொந்தக்காரனா?”

“சோதனை முடிவை ஏத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க, சொல்றேன். அதுக்கு முன்னாடி பேரைச் சொல்லக் கூடாதுன்னு சட்டம் போட்டதே நீங்கதான்.”

சொந்தக்காரன்தான், சந்தேகமே இல்லை. கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. வெடுக்கென்று பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

“ம்… இப்பக் காட்டுங்க உங்க ஆளை!”

அவள் பீரோவைத் திறந்து பெயர்ப் பதிவேட்டை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

இருபதுக்கு ஓர் ஆள் குறைந்த அன்று, ‘நான்தான் கல்லு மாதிரி இருக்கேனே, எடுத்துக்குங்க’ என்று சட்டைக் கையை மடித்து நீட்டியது அவர்தான். பதினேழுக்கு நேரே அவர் பெயர் இருந்தது.