என் முன்னிலையில்

அவள் பேனா மூடியைத் திறந்தாள். மறுபடியும் மூடினாள்.

மேசைமேல் ஒரு பிரமாணப் பத்திரம். அப்பாவின் நிலத்தில் தனக்குப் பங்கு வேண்டாம், தம்பிகளே வைத்துக்கொள்ளட்டும் என்று பாவாத்தாள் என்கிற எழுபது வயது அம்மாள் உறுதி சொல்லிக் கையெழுத்துப் போட்டிருந்தார். போன வியாழக்கிழமைத் தேதி.

அதற்குக் கீழே ஒரு வரி. ‘என் முன்னிலையில் கையெழுத்திட்டார்.’ அதன் அடியில் வக்கீல் கையெழுத்துக்கான இடம். அவளுக்கான இடம்.

பாவாத்தாளை அவள் பார்த்ததே இல்லை.

கோப்பில் கிடந்த பழைய பத்திர நகலில் அந்த அம்மாளின் கையெழுத்து எழுத்துக்கு எழுத்து தள்ளாடியது. இதில் ஒரே இழுப்பில் ஓடியிருந்தது.

சீனியர் மகுடேஸ்வரனின் அறைக்குப் போய், அந்த அம்மாளை ஒரு தடவை நேரில் பார்த்துவிடலாமா என்று கேட்டாள்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் உறுத்தியது. அந்தம்மா படுத்த படுக்கை, வீட்டுக்கே ஆள் போய்க் கையெழுத்து வாங்கியாயிற்று என்றார்.

யார் போனது என்று கேட்டாள்.

“ஆபீஸ்னா ஒருத்தர ஒருத்தர் நம்போணும், கண்ணு.”

வெளியே பதினோரு பேர் குனிந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். ஒருவரும் நிமிரவில்லை. எல்லோருக்கும் கேட்டிருந்தது.

பத்திரத்தைக் கோப்புக்குள் வைத்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் பாவாத்தாளின் விலாசத்தைத் தேடிச் சிங்காநல்லூருக்குப் பஸ் ஏறினாள்.

வீடு பூட்டியிருந்தது. பாவாத்தாள் ஓசூரில் மகள் வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். படுக்கையா? யார் சொன்னது? தன் பையைத் தானே தூக்கிக்கொண்டுதான் போனார்.

அவள் திரும்பி வந்தபோது பத்திரம் கோப்பில் இல்லை. மதியமே தாக்கல் ஆகிவிட்டதாம். நகல் மட்டும் இருந்தது.

நகலில் அவளுடைய கையெழுத்து இருந்தது.

வக்கீல் பதிவு எண்ணோடு. கடைசி எழுத்தைக் கீழே இழுத்து ஒரு சுழி சுழிப்பாளே, அந்தச் சுழியோடு.

ஒவ்வொரு மேசையாகப் பார்த்தாள். இத்தனை நாள் தன் கையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது யார்?

அன்று சாயங்காலம் அவளுக்கு மட்டும் டீயோடு பிஸ்கட் வந்தது. அவள் தொடவில்லை.

மறுநாள் ஆபீசுக்குப் போகவில்லை. நேரே நீதிமன்றம், தாக்கல் பிரிவு. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அலுவலர் அம்மாள் கட்டைப் பிரித்துப் பத்திரத்தைத் தேடி எடுத்தார்.

இது என் கையெழுத்து இல்லை என்றாள். இன்னொரு தடவை சொன்னாள். எழுதிக் கொண்டுவந்திருந்த கடிதத்தை நீட்டினாள்.

அந்த அம்மாள் பத்திரத்தின் முதுகில் இருந்த ஆபீஸ் பெயரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். கடிதத்தை வாங்கவில்லை.

“போன வருசம் இதே ஆபீசுல இருந்து ஒரு புள்ள இப்படித்தான் வந்துச்சுங்க. மறுநாளே வந்து, என்னோடதுதான், மறந்துட்டேன்னு சொல்லீட்டுப் போயிருச்சு.”

பைக்குள் கைபேசி அடித்தது. யாரென்று பார்க்கத் தேவையில்லை.

“நீங்களும் நாளைக்கு வருவீங்களா?” என்று கேட்டார் அலுவலர்.

அவள் கடிதத்தை ஜன்னலுக்குள் தள்ளி, வாங்கிக்கொண்டதற்கு அதன் நகலில் முத்திரை போட்டுத் தரச் சொன்னாள்.

அந்த அம்மாள் முத்திரையை மையில் ஒற்றி எடுத்தார். குத்தாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கைபேசி நின்றது. மறுபடியும் அடிக்க ஆரம்பித்தது.