காலைப் பஞ்சுக்குச்சி

சன்னலோர நாற்காலியில் இரண்டு தலையணை போட்டுக் கலினா அமர்ந்திருக்கிறாள், எதிரே அவளுடைய அப்பா, என் தம்பி திஹோமிர், அடுப்போரம் நான். அவள் அம்மா வெசெலாவின் நாற்காலி காலி. ஸ்பெயினில் வேலை, விடியுமுன்பே பேருந்தேறிவிட்டாள். தூங்கும் குழந்தைகளின் வாயில் கிருமிகள் ஒரே இரவில் எப்படி மாறுகின்றன என்று பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் ஆராய்கிறார்கள்; அதில் கலினாவும் ஒருத்தி. நேற்றிரவு அவள் வாய்க்குள் தடவிய பஞ்சுக்குச்சியை வெசெலாவே குழாயில் மூடி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். காலைக்குச்சி எடுக்கும்வரை குழந்தை தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. தட்டில் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சா ஆறுகிறது. கலினா உதட்டை இறுக்கிக்கொண்டிருக்கிறாள்.

"வாயத் தொறடி கழுதை. இல்லேன்னா பனிட்சாவ அத்தை தின்னுடுவேன்."

"தின்னுக்கோ அத்தை." வாயைப் பொத்திக்கொண்டே அப்பாவிடம் சொல்கிறாள்: "அம்மா கிளம்பறப்ப இங்க முத்தம் குடுத்தாங்க. நீ தொடச்சிருவே."

குளிர்பெட்டி முனகுகிறது. திஹோமிரின் விரல்களில் குச்சி அசையாமல் நிற்கிறது.

"தொடைக்கல. இது தபால்ல போகுது."

"அம்மாவுக்கா?"

அவன் என்னைப் பார்க்கிறான். நான் அடுப்பைப் பார்க்கிறேன்.

"ஆமா."

வாய் திறக்கிறது. பஞ்சு இரு கன்னத்துள்ளும் உருள்கிறது. இரண்டு குழாய்களும் சோஃபியா முகவரியிட்ட உறைக்குள் போகின்றன. ஒட்டப்போனவன் கையிலிருந்து கலினா அதைப் பிடுங்கி, பசையோரம் முழுவதையும் தன் நாக்கால் நனைத்துக் கொடுக்கிறாள். அவன் அழுத்தி ஒட்டி எடுத்துக்கொண்டு, மேல்கோட்டு போடாமலே தெருமுனைத் தபால்பெட்டிக்கு நடக்கிறான்.