சம்பந்தி பார்த்த ஒஸ்லோ

“பிக்டோய்க்குப் போற படகு அங்கை இல்லைத் தம்பி, மூண்டாம் மேடையில நிக்கும்” என்றார் செபஸ்ரியன்.

கிளெமென்ற் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். ஒஸ்லோவில் பதினெட்டு வருசமாக பஸ் ஓட்டுகிறவர் அவர். சொல்கிறவரோ அயர்லாந்தின் கோல்வே நகரத்திலிருந்து நேற்றுப் பின்னேரம்தான் வந்து இறங்கியவர். போய்ப் பார்த்தால், படகு மூன்றாம் மேடையில்தான் நிற்கிறது!

“அண்ணை, முந்தி ஒஸ்லோவுக்கு வந்தனீங்களோ?”

“நான் ஒஸ்லோவைப் பாக்கிறது இதுதான் முதல் தரம்” என்று சொல்லிவிட்டு, செபஸ்ரியன் சின்னப்பிள்ளை மாதிரி ஓடிப்போய்ப் படகின் முன்பக்கம், நல்ல காற்று அடிக்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தார்.

செபஸ்ரியனின் மகனுக்கும் கிளெமென்றின் மகள் ஜெனிதாவுக்கும் கலியாணப் பேச்சு. இளசுகள் இரண்டுக்கும் எப்போதோ மனம் ஒத்தாயிற்று. “நீங்கள் ஓம் எண்டால் ஓம், இல்லையெண்டால் இல்லை அப்பா” என்று ஜெனிதா பாரத்தைத் தகப்பன் தலையில் இறக்கிவிட்டாள். இன்று இரவுச் சாப்பாட்டின்போது பதில் சொல்ல வேண்டும். மாப்பிள்ளையைப் பெற்றவர் எப்படிப்பட்டவர் என்று அறியத்தான், ஊர் காட்டுகிற சாட்டில் கிளெமென்ற் லீவு போட்டுக்கொண்டு மனைவி புளோறன்சோடு புறப்பட்டிருந்தார்.

மனிதர் கலகலப்பானவர்தான். கோல்வேயின் சுற்றுலாப் புத்தகம் ஒன்றை விரித்துப் புளோறன்சுக்குக் காட்டினார்.

“யூலையில கலைவிழா, தங்கச்சி. அது முடியக் குதிரையோட்டம். செப்ரெம்பரில சிப்பி விழா. கடற்கரையில மீன் பாக்கிற இடம் ஒண்டும் இருக்கு. நான் ஒண்டையும் விடமாட்டன்.”

“சிப்பியும் சாப்பிடுவீங்களோ அண்ணை?”

“ஐயோ, எனக்கு அந்த மணமே ஆகாது! எண்டாலும் போவன். வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்க என்னால ஏலாது.”

அடுத்தது சிலைப் பூங்கா. “இந்தப் பாலத்திலதான் கோபக்காரப் பொடியன் நிக்கவேணும்” என்று முன்னால் போனவர், சிலையைக் கண்டதும் வாய்விட்டுச் சிரித்தார். “அட, இவ்வளவு சின்னனோ!” பிறகு மேட்டில் நின்ற கல் தூணைக் காட்டி, அதில் நூற்று இருபத்தொரு உருவங்கள் இருப்பதாகச் சொன்னார். கிளெமென்றுக்கு அது இன்றுவரை தெரியாது. கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனவன் கதையாகிவிட்டதே என்று அவருக்கு எரிச்சலாக வந்தது.

கடைசியில் ஒபரா மண்டபத்துக்குக் கூட்டிப்போனார். அந்த வருசம் ஏப்ரலில்தான் திறந்திருந்தார்கள். கடலுக்குள்ளிருந்து ஏறுகிற அந்த வெள்ளைக் கூரையைக் கண்டு செபஸ்ரியன் திகைத்துப் போனார்.

“இது முந்தி இல்லையே!”

கிளெமென்ற் மனைவியின் கையைக் கிள்ளினார். “கேட்டியே? முந்தி இல்லையெண்டு தெரியுதெண்டால் ஆள் முந்தி இஞ்சை வந்திருக்கிறார். பிறகேன் முதல் தரம் எண்டு பொய் சொல்லுறார்?”

“உங்களுக்கு ஆரைக் கண்டாலும் சந்தேகம்.”

“ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம், புளோறன்ஸ்.”

அந்த நேரம் பார்த்து ஒரு பொலிஸ் கார் மெல்ல ஊர்ந்து போனது. செபஸ்ரியன் சட்டென்று ஐஸ்கிரீம் கடையின் மறைவில் ஒதுங்கினார். கார் போன பிறகும் அவர் முகம் வெளிறித்தான் இருந்தது.

புளோறன்சும் இப்போது கலவரத்தோடு கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

“இஞ்சை என்னவோ செய்துபோட்டு ஓடின ஆள்” என்றார் கிளெமென்ற். “என்ர பிள்ளையை அந்த வீட்டுக்கு அனுப்பமாட்டன்.” சொல்லிவிட்டாரே தவிர, ஜெனிதாவின் முகத்தை நினைக்க நெஞ்சு பாரமாகிவிட்டது.

வீட்டுக்குத் திரும்ப, நகரத்துக்கு வெளியே குரோருட்டில் ரயிலை விட்டு இறங்கியதும் செபஸ்ரியன் தயங்கினார். “இன்னும் ஒரு இடம் கிடக்குத் தம்பி. எந்தப் புத்தகத்திலயும் இல்லாத இடம்.”

வழி கேட்டுக் கேட்டு அவரே முன்னால் நடந்தார். ரயிலடி வரை எல்லாம் தெரிந்தவருக்கு இந்தத் தெருக்கள் தெரியவில்லை! பஸ் தரிப்புக்கு எதிரே இருந்த ஒரு தேவாலயத்தின் முன்வாசலுக்குப் போகாமல், பக்கச்சுவரில் நிலத்தோடு ஒட்டியிருந்த சின்ன யன்னலருகே குந்தினார். கண்ணாடியின் தூசியைக் கைலேஞ்சியால் துடைத்தார்.

“அண்ணை, என்ன இது?” என்றார் கிளெமென்ற், சற்றுக் கடுமையாகவே.

“இதுக்குள்ள பதினாலு மாதம் இருந்தனான் தம்பி, தொண்ணூற்றி மூண்டில தொடங்கி. என்ர அகதி விண்ணப்பத்தை மறுத்துப்போட்டினம். கோயிலுக்குள்ள பொலிஸ் வராது, ஆனால் வாசலுக்கு வெளியில ஒரு கால் வைச்சால் பிடிச்சு அனுப்பிப்போடுவினம். அகதி முகாமிலயிருந்து இஞ்சை கொண்டுவந்ததும் மூடின வான் வண்டிக்குள்ள, பிறகு நாட்டை விட்டுக் கொண்டுபோனதும் மூடின வான் வண்டிக்குள்ள. பாதிரியார் வாசிக்கத் தந்தது ஒரேயொரு புத்தகம், ஒஸ்லோவுக்கு வாற சுற்றுலாக்காரருக்கு அடிச்சது. வரிவரியாப் பாடமாக்கினன்.” அவர் எழுந்து காற்சட்டை முழங்காலைத் தட்டிக்கொண்டார். “அதில இருந்ததெல்லாத்தையும் இண்டைக்குத்தான் கண்ணால பாத்தன்.”

கிளெமென்ற் அவரது கையைப் பிடித்துக்கொண்டார்.

“நாளைக்கும் லீவு போடுறன், சம்பந்தி. பாக்க இன்னும் எவ்வளவோ கிடக்கு.”