கறுத்த வெள்ளி

"இந்த நூல் அளவுக்கு நீளம் மட்டும் கூட்டிக் குடுங்க. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்."

அந்தப் பெண் கைக்குட்டையைப் பிரித்து மேசைமேல் வைத்தது ஒரு சிறுமியின் வெள்ளிக் கைச்சங்கிலி. உள்பக்கமெல்லாம் கரியாய்க் கறுத்திருந்தது. யார் போடுவது என்று பட்டறைக்காரர் கேட்டார். மகள் என்றாள். குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டாளாம். ஓரிடத்தில் உட்காரமாட்டாளாம், எந்நேரமும் ஓட்டம்தானாம்.

அவர் நூலை நீட்டிப் பார்த்தார். "நல்ல வளர்த்திதான். பிள்ளைங்க வளர்றது நம்ம கண்ணுக்கு எங்க தெரியுது?"

அவள் மாலையில் வருவதாகச் சொல்லிப் போய்விட்டாள்.

கண்ணிகளைச் சேர்த்துப் பற்றவைத்தாயிற்று. புதியவை பளபளக்க, பழையவை அடுப்பில் புரண்ட பூனைபோலப் பக்கத்தில் கிடந்தன. அவருக்குக் கை அரித்தது. கறுத்த வெள்ளியைக் கறுப்போடு திருப்பிக் கொடுத்த வழக்கமே அந்தப் பட்டறையில் கிடையாது.

வேண்டாம் என்றவளிடம் எதற்கு வம்பு என்றாள் மனைவி. கூலி ஏறிவிடுமோ என்று பயந்து சொல்லியிருப்பாள், காசு வாங்காமல் செய்து கொடுத்தால் சந்தோஷப்படுவாள் என்று அவர் அடித்துப் பேசினார்.

"கறுப்பைப் பார்த்தா உங்களுக்குச் சோறு இறங்காது. என்னை மட்டும் எப்படித்தான் விட்டுவச்சீங்களோ?"

சிரித்துக்கொண்டே அவர் கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்தார். அதன்மேல் சங்கிலியை வைத்து, சோடா உப்பைத் தூவி, கொதிநீரை ஊற்றினார். அழுகிய முட்டை நாற்றம் கிளம்பியது. சங்கிலி இப்போதுதான் வாங்கியதுபோல வெளுத்துவிட்டது.

மாலையில் வந்தவள் அதைக் கையில் வாங்கி, உள்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

"அந்தக் கறுப்பு?"

மகளை அழுக்குப்பிள்ளை என்று நினைத்துவிட்டார்களோ என்று கூச்சப்படுகிறாள் போலும். அவர் பொறுமையாக விளக்கினார். அது அழுக்கே இல்லை. மகளின் வேர்வையில் இருந்த கந்தகம் வெள்ளியோடு கூடி, வெள்ளியும் இல்லாத கந்தகமும் இல்லாத வேறொரு பொருளாக ஆகியிருந்தது. ஆனால் கந்தகத்துக்கு வெள்ளியைவிட அலுமினியத்தின்மேல் பிடிப்பு அதிகம். சுடுநீரும் சோடா உப்பும் வழிவிட்டதும், அது வெள்ளியை உதறிவிட்டுத் தாளோடு போய் ஒட்டிக்கொண்டது.

"கவலைப்படாதீங்கம்மா. உங்க பொண்ணு போட்டுக்கிட்டு நாலு நாள் ஓடியாடினா பழையபடி கறுத்துடும்."

அவள் சங்கிலியைத் தன் மணிக்கட்டில் சுற்றிக் கொக்கியைப் பூட்டினாள். கச்சிதமாகப் பொருந்தியது. பிறகு, அவர் தடுப்பதற்குள், மேசைக்கடியில் இருந்த குப்பைக்கூடையின் பக்கத்தில் உட்கார்ந்து, கசங்கிக் கிடந்த அந்த அலுமினியத் தாளை எடுத்து மெல்லப் பிரித்தாள்.

"இதை நான் கொண்டு போறேங்க. அவ உடம்புலேருந்து எனக்கு மிச்சம் இருந்தது இது ஒண்ணுதான்."