உப்பு மூலையில் முப்பது மிளகாய்ச் செடிகள்

காலை வெயிலில் வயல் முழுக்க உப்பு வெள்ளை வெளேரென்று மின்னுகிறது. போன மாதம் இதைக் கடந்த தவளையொன்று கருவாடாகத்தான் கரையேறியது. நட்ட மிளகாயெல்லாம் கருகிவிட்டது. பத்து மணிக்கு நிலத்தை விலைபேச ஆள் வருகிறார். ஆனால் உப்பு அதிகமாகப் பூத்த மூலையில் மட்டும் முப்பது செடிகள் காயும் பூவுமாகக் குலுங்குகின்றன. காரணம் தெரியாமல் விற்க விவசாயியின் மனைவிக்கு மனமில்லை. மண்டியிட்டு ஒரு செடியைப் பிடுங்குகிறாள். எவ்வளவு உதறினாலும் வேரை விட்டு மண் உதிரவில்லை. இடையிடையே மயிரிழையிலும் மெல்லிய வெள்ளை நூல்கள். "ஏங்க, நடவுக்கு முன்னாடி இங்க என்ன போட்டீங்க?" கணவர் தலையைச் சொறிகிறார். "டிராக்டர் பதிஞ்ச பள்ளத்துக்கு ஒரு மூட்டை மண்ணு கொட்டுனேன். நீ விவசாயப் பண்ணையிலேருந்து வாங்கிட்டு வந்தியே, அது. மேல பூஞ்சைன்னு எழுதியிருந்துச்சு. பூஞ்சை புடிச்ச மண்ண நல்ல எடத்துல போடுவாங்களா?" "அடப்பாவி மனுஷா! உப்பு மண்ணுலயும் வேருக்குத் தண்ணி தேடிக் குடுக்குற நல்ல பூஞ்சைங்க அது! மூட்டை திருட்டுப் போச்சுன்னு நாலு மாசமா பக்கத்து வயக்காரரைத் திட்டிட்டிருக்கேன்!" கையிலிருந்த செடி குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறாள். கணவர் அசட்டுச் சிரிப்போடு போனை எடுக்கிறார். "வர்ற ஆளுகிட்ட என்ன சொல்ல?" "நிலம் விக்கிறதுக்கில்லன்னு சொல்லுங்க. அடுத்த போகத்துக்கு இருபது மூட்டை வாங்குறேன். வயல் முழுக்கப் பள்ளம்னு நெனச்சு நீங்களே கொட்டிருங்க."